புகைக்குள் எண்ணிய பதினேழு அடிகள்

மச்சான்,

திருகோணமலையில், கரையோரம் கட்டிக் கிடக்கும் ஒரு பாய்மரப் படகுக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் ஒரு சிவப்புத் தீயணைப்பான். இந்தப் படகிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகும் வெள்ளைக்காரத் தம்பதி, அலையில் ஆடி விழக்கூடாது என்று அதன் கழுத்தையும் கைப்பிடியையும் சேர்த்து நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சைப் பார்த்ததும் வேறு எதையும் தொடாமல் அதைத்தான் முதலில் எடுத்தேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் இங்கே மரவேலைக்கு வந்தவன். தீயணைப்பான் நான்கையும் மாட்டிக் கொடு என்றார் படகுக்காரர். அவர் காட்டிய இடம் அடுப்புக்கு நேர் மேலே, நான்கும் வரிசையாக. பார்க்க அழகாகத்தான் இருக்கும். நம் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த டீமேக்கர் ஐயா ஞாபகத்துக்கு வந்து சிரித்தேன்.

ரத்தோட்டைக்கு மேலே நம் தேயிலைத் தொழிற்சாலைக்கு இப்படித்தான் ஐந்து வந்திறங்கின. எண்பதுகளின் கடைசி. கிளர்ச்சிக்காரர்கள் மின்மாற்றிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள், பாதையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் மாத்தளையிலிருந்து ஒரு குருவிகூட வந்து சேராது. டீமேக்கர் ஐயா மூன்றைத் தேயிலை காய்ச்சும் டிரையருக்குப் பக்கத்திலும், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று இரண்டை ஆபீஸ் சுவரிலும் மாட்டினார். அடுப்பு பார்க்கிற நீதான் போய் அவர் முன்னால் நின்றாய்.

"அடுப்புகிட்ட மாட்டுனா, தீக்குள்ள கைய விட்டுத்தானுங்க எடுக்கணும். தப்பிச்சு ஓடுற வழியில இருக்கணுங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நீ விடுகிற ஆளா? எதில் தண்ணீர், எதில் தீயணைக்கும் மாவு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தாய். தண்ணீர் மரத்துக்கும் சாக்குக்கும். மோட்டருக்கு மாவு மட்டும். பிறகு ஈரத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் அடி எண்ணி நடந்தாய். கை எங்கே சுவரைத் தொட்டதோ அங்கே ஆணி அடித்தாய். உனக்குக் குருட்டுக் கணக்கப்பிள்ளை என்று பட்டம் வைத்தது நான்தான். தொழிற்சாலையே சிரித்தது. வாசலிலிருந்து மாடிப்படிக்குப் பதினேழு அடி என்று நீ சுண்ணாம்பால் சுவரில் எழுதியபோது, படி ஏறிக்கொண்டிருந்த உன் தங்கையும் சிரித்தாள். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை அவளுக்கு. எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடைசியில் டீமேக்கர் ஐயா இறங்கிவந்தார். டிரையர் பக்கத்தில் ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றார்.

அந்த ஒன்றில்தான் நான் என் பக்தியைக் காட்டினேன். ஆயுத பூசைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசி மாலை போடுவது என் பொறுப்பு. புதுச் சாமான் ஆயிற்றே என்று அதற்கும் ஒரு செவ்வந்தி மாலை கட்டினேன். வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் நூலைக் கழுத்தைச் சுற்றி, கைப்பிடியைச் சுற்றி, இழுத்துத் திறக்கிற பூட்டு ஊசியின் வளையத்துக்குள்ளும் விட்டு, இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். பத்து நாளில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. நூல் அப்படியே இருந்தது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பகல் இரண்டு மணியிருக்கும். கரண்ட் போனது. டிரையர் காற்றாடி நின்றதும் உள்ளே சூடு திரண்டு தேயிலை பற்றிக்கொண்டது. பக்கத்திலேயே நின்றவன் நான்தான். தீயணைப்பானை எடுத்தேன், ஊசியை இழுத்தேன். வரவில்லை. நகத்தால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன். நூல் அசையவில்லை. சாக்குக் கட்டில் தீ ஏறியது. அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன், மச்சான். மேலே என் பெண்சாதி இருக்கிறாள் என்று தெரிந்துதான் ஓடினேன்.

வாசலில் நீ என் தோளைப் பிடித்து, மேலே எத்தனை பேர் என்று கேட்டாய். விரலைக் காட்டினேன். ஆறு. நீ ஒரு சாக்கை நனைத்துத் தலையில் போட்டாய், வாசல் ஆணியில் தொங்கிய தண்ணீர்த் தீயணைப்பானை எடுத்தாய், கண்ணை மூடினாய். திறந்திருந்தும் பிரயோசனமில்லாத புகை. உள்ளே போனாய். உன் குரல் மட்டும் வெளியே வந்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தெருவில் நடந்து போகிறவன் குரல்போல நிதானமாக இருந்தது. பதினேழில் நின்றது. தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் கும்பிடாத தெய்வமில்லை. பள்ளிவாசல், மாதா கோயில், ஒன்றையும் விடவில்லை.

மறுபடியும் குரல் வந்தது. இந்த முறை பின்னாலிருந்து எண்ணினாய்.

"பதினேழு. பதினாறு. பதினஞ்சு."

நெருப்புக்கு நடுவில் ஒரு மனிதன் தப்பாமல் பின்னோக்கி எண்ணுவானா? கும்பலுக்கு நீ போட்ட கயிறு அந்தக் கணக்குத்தான். "ஒண்ணு" என்றபோது வாசலில் நின்றாய். உன் சட்டையை உன் தங்கை பிடித்திருந்தாள், அவள் சேலையை அடுத்தவள் பிடித்திருந்தாள், இப்படி ஆறு பேர். நான் சாமி கண்டிருக்கிறேனா என்று யாராவது கேட்டால் அந்த வாசலைத்தான் சொல்வேன்.

மறுநாள் விசாரணைக்கு முன்னால், தண்ணீர்க் குழாயடியில் நீ பிளேடால் அந்த நூலை அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கரியேறிய நூலை அடுப்பில் போட்டாய். டீமேக்கர் ஐயாவிடம் ஊசி இறுகிவிட்டது என்று மட்டும் சொன்னாய். என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசினாய்.

"மாலைய கழுத்துல போடு மச்சான். கையக் கட்டிப்புடாத."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நெஞ்சுவலியில் மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட எடுக்கவில்லை. குருட்டுக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுடா என்று என்னைக் கேலி செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

இன்றைக்குக் கயிறுகளை அறுத்துப்போட்டேன். ஒரு தட்டு தட்டினால் திறக்கிற கொக்கிப் பட்டி மாட்டினேன். அடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. ஏணியடியில் ஒன்று, அவர்கள் தூங்குகிற அறையின் கதவோரம் ஒன்று, வெளியே சுக்கான் பக்கம் ஒன்று. என்ஜினுக்கு மாவு வேண்டாம், அதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி, வாயு நிரப்பிய ஒன்றை மாற்றி வாங்கச் செய்தேன். என்ஜின் மூடியைத் திறக்காமலே அதன் வாயை நுழைக்க மூடியில் ஓர் ஓட்டையும் போட்டேன். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து ஏணிவரை நடந்தேன். ஏழு அடி. படகுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், நானும் சிரித்தவன்தான். பின்னாலிருந்து எண்ணித் திரும்பி வந்தபோது என் வாயில் வந்தது உன் குரல்.

சாயந்தரம் உன் தங்கைக்குப் போன் போட்டேன். படகில் அடி எண்ணியதைச் சொன்னேன், நூலைச் சொன்னேன், ஓடியதையும் சொன்னேன். இத்தனை வருடம் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போதும். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் படகுல திரும்பி வர்றதுக்கும் எண்ணுனீங்களா?"

எண்ணினேன் என்றேன்.