ஒரு ஊசிக்கு ஐந்து அலகு

கோலா சிலாங்கூர்
4 மார்ச் 2025

டாக்டர் குகன் அவர்களுக்கு,

வணக்கம். நான் நிமல், பிரேமளாவின் தம்பி. தைப்பூசத்துக்கு அமெரிக்காவிலிருந்து சபாக்கில் உங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, அவருடன் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கேட்டைத் திறந்துவிட்டவன் நான்தான். காரை எங்கே நிறுத்துவது என்பதைத் தவிர அன்றைக்கு நாம் ஒன்றும் பேசவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் உங்களுக்கும் அக்காவுக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை என்றால் நாலு பக்கம் விசாரிப்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. யோகாம்பாள் பெரியம்மா பதினொரு பேருக்குப் போன் போட்டார். குடிப்பாரா, முன்னே யாரையும் கட்டிக் கைவிட்டாரா, தகப்பனுக்கு வேறு குடும்பம் உண்டா. எல்லாம் சுத்தம் என்று அப்பாவிடம் சொல்லி, இடியப்பம் சாப்பிட்டுப் போனார். ஆனால் நீங்கள் டாக்டராக எப்படி என்று விசாரிக்கப் பெரியம்மாவுக்கு வழியில்லை. எனக்கு இருந்தது. நான் கோலாலம்பூரில் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்குத் தரவு வேலை செய்கிறவன்.

அமெரிக்காவில் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்று அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. எந்த டாக்டர் எந்தச் சிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்து அதனிடம் பணம் கேட்டார் என்பது பொதுவில் கிடக்கிறது. மருந்துக் கம்பெனி எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தது என்பதும் இன்னொரு பக்கம் கிடக்கிறது. இரண்டிலும் உங்களைத் தேடினேன்.

2023இல், விழித்திரையில் கசிவு உள்ள வயதானவர்கள் 410 பேருக்குக் கண்ணுக்குள் போடும் விலை கூடிய மருந்து 10,250 என்று இருக்கிறது. ஒரு ஆளுக்கு இருபத்தைந்து. மாதம் ஒரு ஊசி என்றாலும் வருடத்துக்குப் பன்னிரண்டுதான். மீதி எதற்கு? அதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மருந்து ஒன்று இருக்கிறதாம். அதை நீங்கள் தொடுவதே அபூர்வம். அந்த விலை கூடிய மருந்தைச் செய்யும் கம்பெனி அதே வருடம் உங்களுக்கு உரையாற்றியதற்காகப் பதினெட்டாயிரம் டாலர் கொடுத்திருக்கிறது. இரவு விருந்துகள் தனி.

இதற்கு நல்ல விளக்கம் இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நிமல் ஆனந்தராஜா

*

கோலா சிலாங்கூர்
9 மார்ச் 2025

டாக்டர் குகன் அவர்களுக்கு,

வெள்ளி போய்விட்டது. சனியும் போனது. பதில் இல்லை. பதில் இருக்கிறவர் இவ்வளவு நாள் எடுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கணினியில் காட்டினேன். அப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக முப்பது வருடம் கணக்கெழுதியவர், எண்களை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “சரி, வேண்டாம்” என்றார். அவ்வளவுதான்.

நிமல்

*

மேற்கு வர்ஜீனியா
9 மார்ச் 2025, ஞாயிறு

தம்பி நிமலுக்கு,

உம்முடைய இரண்டு கடிதங்களையும் இன்றைக்கு ஒன்றாகத்தான் வாசித்தேன். வாரத்தில் மூன்று நாள் மலைப்பக்கத்துக் கிளினிக்கில் இருப்பேன். வெள்ளி ஊசி நாள். சொந்த அஞ்சலைத் திறப்பது ஞாயிறுகளில். இது தெரிந்திருந்தால் வேறு நாள் குறித்திருப்பீர்.

முதலில் கணக்கு. அந்த மருந்தை மெடிகேர் ஊசியாக எண்ணுவதில்லை, அலகாக எண்ணுகிறது. ஒரு அலகு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. ஒரு ஊசியில் போவது அரை மில்லிகிராம். ஆகவே ஒரு ஊசிக்கு ஐந்து அலகு. உம்முடைய இருபத்தைந்தை ஐந்தால் வகுத்துப் பாரும். ஊசி போட்ட வேலைக்குத் தனி வரிசை அதே அட்டவணையில் இருக்கிறது. மருந்து வரிசையை மட்டும் வடிகட்டி எடுத்ததால் அது உம்முடைய கண்ணில் படவில்லை.

பணம் உண்மை. இரண்டு வருடம் வாங்கினேன். நல்ல சாப்பாட்டுக் கடையில் இருபது டாக்டர்கள் முன்னால் நின்று, கம்பெனி தந்த படங்களைக் காட்டிப் பேசுவது. மருந்து நல்ல மருந்து, பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் ஒரு இளம் டாக்டர் கேள்வி கேட்டார். பதில் சொல்வதற்கு முன் என் கண் தானாகக் கம்பெனிக்காரர் இருந்த மேசைக்குப் போனது. அதற்குப் பிறகு போகவில்லை.

விலை குறைந்த மருந்தை ஏன் தொடுவதில்லை என்று கேட்டீர். அதைச் சின்னச் சின்ன ஊசிகளாகப் பிரித்துத் தரும் மருந்தகம் எங்கள் மலைக்கு ஒழுங்காக அனுப்புவதில்லை. இது பாதிக் காரணம். விருந்துகளே இல்லாதிருந்தால் இன்னும் பலருக்கு அதைப் போட்டிருப்பேனா? எனக்கே தெரியாது. நீர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதெல்லாம் பிரேமளாவுக்கு நவம்பரிலேயே தெரியும். நானே சொன்னேன்.

குகன்

*

கோலா சிலாங்கூர்
11 மார்ச் 2025

டாக்டர் குகன் அவர்களுக்கு,

வகுத்துப் பார்த்தேன். ஐந்து. ஊசி வரிசையையும் தேடி எடுத்தேன், அதுவும் ஐந்துதான் சொல்கிறது. பக்கத்து மாவட்ட டாக்டர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். விளக்கக் குறிப்பு முப்பது பக்கம் இருந்தது, நான் வாசிக்கவில்லை. ஆபீசில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் கிழித்திருப்பேன். தப்பு என்னுடையது. மன்னியுங்கள்.

உடனே அப்பாவிடம் போனேன். அவர் பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

“சனிக்கிழமை இருபத்தஞ்சு எண்டாய். இண்டைக்கு அஞ்சு எண்டுறாய். வாற கிழமை என்ன எண்டுவாய்?”

“இதுதான் சரி அப்பா.”

“அண்டைக்கும் இதைத்தான் சொன்னாய்.”

பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். அவருக்கும் சனிக்கிழமையே அட்டவணையைக் காட்டியிருந்தேன். அதற்குள் அவர் சபாக்குக்குப் போன் போட்டு, உங்கள் அம்மாவிடமே, கண்ணில் குத்திக் காசு பார்க்கிறவனுக்கு எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். அலகை விளக்கினேன். “அலகாவது கிலோவாவது, போடா. நான் வாயால சொல்லிப்போட்டன்” என்றார்.

இதை எப்படியாவது சரிசெய்கிறேன். அப்பாவுக்கு ஒரு வரைபடம் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் ஒன்று அனுப்பவா? நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன். தயவுசெய்து ஞாயிறு வரை காத்திருக்க வைக்காதீர்கள்.

நிமல்

*

மேற்கு வர்ஜீனியா
23 மார்ச் 2025

நிமல்,

அம்மாவுக்கு வரைபடம் அனுப்ப வேண்டாம். நானே தொலைபேசியில் ஒரு மணி நேரம் அலகு என்றால் என்ன என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி மகன், ஆனா நீ செய்தனியோ?” என்றார். இரண்டு வெள்ளிக்கிழமையாகக் கோயிலுக்குப் போகவில்லையாம். கால் வலி என்கிறார்.

உம்முடைய கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். தப்பைத் தப்பு என்று எழுதியிருக்கிறீர், அது எல்லாரும் செய்வதில்லை. ஆனால் அதில் உம்முடைய அப்பா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார், ஆபீஸ் பையன் இருக்கிறான், என் அம்மாகூட இருக்கிறார். பிரேமளாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நீர் அவருடைய கல்யாணத்தைத்தான் நிறுத்தினீர். அவரிடம் ஒரு சொல் கேட்டீரா?

இரண்டு வாரமாக அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. நீர் இனி எனக்கு எழுத வேண்டியதில்லை.

குகன்

*

கோலா சிலாங்கூர்
6 ஏப்ரல் 2025

டாக்டர் குகன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்காவிடம் நான் கேட்கவில்லை. அந்த அட்டவணையைக் காட்டவும் இல்லை. அப்பாதான் அன்று சாப்பாட்டு மேசையில், “அந்தச் சம்பந்தம் சரிவராது பிள்ளை” என்றார். அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன். வேலையிலிருந்து வந்த உடுப்புக்கூட மாற்றவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் மருந்தாளர், உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதுதான் வெட்கம். முதல் வரியைப் பார்த்ததும் விரல் வைத்தார்.

“இது அலகுதானே?”

“ஓம்.”

“இதை அப்பாவுக்குக் காட்டினாய். பெரியம்மாவுக்குக் காட்டினாய். நாள் முழுக்க அலகு பார்த்து மருந்து குடுக்கிற எனக்குக் காட்டேல்லை. ஏன்?”

“நீ அழுவாய் எண்டு நினைச்சன் அக்கா.”

“அழுதுகொண்டே எனக்கு வகுக்கத் தெரியும், மடையா.”

அப்புறம் நிஜமாகவே அழுதார். நான் மின்விசிறியைக் கூட்டினேன். அதற்கும் திட்டு.

இன்னொன்று. உங்கள் போனை எடுக்காததற்கு நான் மட்டும் காரணம் இல்லை. அவருக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம். முதல் வருடம் தெரியாமல் போனீர்கள், சரி. இரண்டாம் வருடமும் ஏன் போனீர்கள்? நவம்பரில் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டீர்களாம். இதை உங்களுக்கு எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதியது தெரிந்தால் எனக்கு அடி.

அப்பாவிடம் விடிந்ததும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: “ஜூன் கடைசியில லீவு போட்டிருக்கிறன். நான் அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்திட்டு வாறன்.” அப்பா, “ஆரோட?” என்றார். “தனிய” என்றார் அக்கா. பெரியம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நிமல்

*

கோலா சிலாங்கூர்
8 ஜூலை 2025

டாக்டர் குகன் அவர்களுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போடுவீர்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. இது அறிக்கை மட்டும். அக்கா விமானம் ஏறுமுன் கையில் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார்: உங்கள் அம்மாவுக்குக் கண்புரை அறுவை, இன்றைக்கு. சபாக்கில் போய் ஏற்றி, ஆஸ்பத்திரியில் கூட இருந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அறுவையைப் பற்றி மாமி உங்களிடம் ஏற்கெனவே பேசியிருப்பார். எப்படிப் போனார் என்பதைச் சொல்லியிருக்கமாட்டார்.

காலையில் கதவைத் திறந்ததும் கேட்டார்: “நீதானோ அந்தக் கணக்குப்பிள்ளை?”

“ஓம் மாமி.”

“செருப்பை வெளியில விடு.”

காரில் தஞ்சோங் காராங் வயல் பக்கம் வந்ததும், “என்ர மகன் செய்தவனோ?” என்றார். ஊசி விஷயம் என் தப்பு, காசு வாங்கினது உண்மை, பிறகு விட்டுவிட்டார் என்றேன். “அவனும் இதைத்தான் சொன்னான். ரெண்டு பேரும் பேசி வைச்சியளோ?” என்றார்.

விட்டுவிட்டீர்கள் என்று சொன்னேனே, அது உங்கள் சொல்லை நம்பி மட்டும் இல்லை. கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுத்த பணத்தின் போன வருடத்துத் தரவு கடந்த வாரம் வெளியானது. பார்க்காமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. உங்கள் பெயருக்கு நேரே எதுவும் இல்லை.

மாமியை அறுக்கப்போகிற டாக்டரையும் தேடினேன். சின்னப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு இருக்கும். எத்தனை அறுவை செய்தார், எத்தனை பிசகியது, ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே உங்களை நோண்டியதுபோல இங்கே நோண்ட இடம் இல்லை. நேரே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமி என் கையைக் கிள்ளினார். இன்னும் சிவந்திருக்கிறது. “அந்தப் பிள்ளையின்ர கை நடுங்கேல்லை, நான் பார்த்தனான். நீ பேசாம இரு” என்றார்.

வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடந்தேன், காவலாளி உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். இப்படி உங்கள் கிளினிக்கிலும் யாராவது மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. அவர்கள் அட்டவணை பார்த்திருக்கமாட்டார்கள். பார்க்கவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். விளக்கக் குறிப்பையும் சேர்த்து.

அறுவை நல்லபடி முடிந்தது. கண்ணில் ஒளி புகும் பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்து, “நீ கறுப்பு எண்டு நினைச்சன், அவ்வளவு இல்லை” என்றார்.

அக்கா அங்கே வந்து பத்து நாள் ஆகிறது. அப்பாவுக்கு மலையில் மூடுபனி கிடக்கும் படங்கள் மட்டும் அனுப்புகிறார். ஒரு வார்த்தை எழுதுவதில்லை. அப்பா ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, அதில் நீங்கள் எங்காவது நிற்கிறீர்களா என்று தேடுகிறார். என்ன முடிவு என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் இந்த நாலு மாதத்தில் எனக்குக் கஷ்டமாக இருக்கிற வேலை.

கடைசியாக ஒன்று. காலையில் பதிவு செய்யும் இடத்தில் ஒரு மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி, கூட வந்திருப்பவர் என்ன உறவு என்று கேட்டார். தெரிந்தவர் என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் மாமி மலாயில் பதில் சொல்லிவிட்டார்: மருமகளின் தம்பி.

கணினியில் அப்படியே ஏற்றிவிட்டார்கள். இன்றைய தேதிக்கு அது தவறான தரவு. நான் திருத்தச் சொல்லவில்லை.

நிமல்