பசை மெலிந்த இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? உங்கள் மகளுக்கு, என் மருமகளுக்கு, என் அன்பைச் சொல்லவும்.

நீங்கள் கேட்டது அந்தத் தொட்டியைச் செய்த வருஷம். எனக்கு எண்ணாகச் சொல்ல வராது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இறங்கி, பஸ் எல்லாம் ஆறு மாதம் சுற்றிப் போனதே, அந்த வருஷம்தான். பட்டறைக்கு எதிரில் இருந்த சினிமாக் கொட்டகையை மூடி உரக்கிடங்கு ஆக்கினார்கள். காகிதத் தட்டுப்பாடு வந்து, ஸ்டோரில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை கம்பிச் சுருள் வந்த அட்டையின் முதுகில்தான் எல்லாம் எழுதி வைத்தாள். இதைக் கேட்டுத் தபால்காரர் கணக்குப் போட்டு, ஓரத்தில் எண்ணை எழுதியிருக்கிறார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர்தான், வழக்கம்போல எனக்காக எழுதுகிறவர். "இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கிற ஆளுக்கு எழுத்து மட்டும் எப்படி நிக்காம போச்சு?" என்று கேட்டுச் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரும்பைப் பற்றவைக்கிற பல்ஸ் மெஷின் வந்ததும் அந்த வருஷம்தான், மழைக்கு முன்னால். பழைய மெஷினில் மின்சாரம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வரும். இதில் துடித்துத் துடித்து வரும். ஏறும்போது இரும்பு உருகும், இறங்கும்போது கொஞ்சம் ஆறும். கண் சிமிட்டுவதற்குள் நூறு தடவை. சரியாக வைத்தால் தேனீ இரைவது போல ஒரு சத்தம் வரும். உங்கள் சோதனைப் பெட்டியும் அப்படித்தான், விட்டு விட்டு இரும்புக்குள் ஒலியை அனுப்பும். உள்ளே குறை இருந்தால் ஒலி மோதித் திரும்பி வந்து, திரையில் கோடு எகிறும். அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "உங்க மெஷினுக்கும் நாடி, என் பெட்டிக்கும் நாடி. நாம ரெண்டு பேரும் வைத்தியத்துக்குப் போயிருக்கலாம் மாப்பிள்ளை." பக்கத்தில் நின்ற ஃபோர்மேன், "அப்ப நோயாளி நான் ஒருத்தன்தானா?" என்றார்.

அந்தத் தொட்டி, ஆளுயரக் காற்றுத் தொட்டி. செவ்வாய்க்கிழமை. நீங்கள் முழங்கை கிழிந்த நீலச் சட்டை போட்டிருந்தீர்கள். லாரி வாசலில் நின்றது. நெடுக்கு ஜாயிண்ட் முழுவதும் பார்த்து, சரி என்று முத்திரை குத்தினீர்கள். பதினோரு மாதம் கழித்து அதை வாங்கிய துணி ஆலையில் வெடித்தது. காவலாளியின் இடது கால் போயிற்று. அறுத்துப் பார்த்தபோது நாலு விரல் நீளத்துக்கு இரும்பு ஒட்டாமலே இருந்தது.

எனக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சட்டையின் கிழிசலைக்கூட வைத்திருக்கிறீர்களே. எனக்குக் காலையில் சாப்பிட்ட மாத்திரை மறந்துபோகிறது.

எதற்குக் கேட்டேன் என்று இப்போது விவரமாகச் சொல்கிறேன். சோதனைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கூடம் ஒன்று இங்கே இருக்கிறது. உங்கள் மருமகள் அங்கே போன வருஷம் பாடம் சொல்லித்தரச் சேர்ந்தாள். அவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு குறை எப்படித் தப்பிப் போகிறது என்று, தவறவிட்டவன் வாயாலேயே பிள்ளைகள் கேட்க வேண்டுமாம். மார்ச் இருபதாம் தேதி. முதலில் முடியாது என்றேன். மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு யோசித்தேன். சான்றிதழைப் பிடுங்கிய நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியாயிற்று. அவள் அப்பாவைப் பற்றி அந்தக் கூடத்தில் முதுகுக்குப் பின்னால் பேசுவதை நானே முன்னால் நின்று பேசிவிட்டால் அவளுக்கு லேசாக இருக்கும்.

என்ன சொல்வது என்று எழுதி வைத்திருக்கிறேன். "அன்று எனக்கு அவசரம். லாரி நின்றது. என் கண் திரையில் இல்லை. குற்றம் என்னுடையது." இப்படித்தான் தொடங்கப் போகிறேன்.

தங்கை எப்படி இருக்கிறாள்? அவளுக்குத்தான் அச்சுப் போல எழுத வருமே, இத்தனை வருஷத்தில் அண்ணனுக்கு ஒரு வரி இல்லை. என் மகள் கல்யாணத்துக்கும் நீங்கள் மட்டும்தான் வந்தீர்கள். என்னால் ஒருத்தன் கால் போனது அவளுக்குக் கூச்சம் என்று எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கே என்னோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காத நாட்கள் உண்டு.

அன்புடன்,
மச்சான்


பிப்ரவரி 22

அன்புள்ள மச்சானுக்கு,

இந்த வயதில் எதற்கு உங்களுக்கு மேடையும் மைக்கும்? ஆறிப்போனதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? முட்டி வலியோடு படி ஏற வேண்டும், அந்தக் கூடத்தில் மின்விசிறி இருக்கிறதோ இல்லையோ. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் முடிந்தது. மருமகளும் புரிந்துகொள்வாள்.

அப்படியே பேசத்தான் வேண்டும் என்றால், குற்றம் முழுவதும் என்னுடையது என்று பேசாதீர்கள். பட்டறை என்றால் பத்துப் பேர். ஜாயிண்ட் போட்டவன் நான் இல்லையா? குறை முதலில் என் கையில்தானே உண்டாயிற்று? என்னை ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, அனுபவஸ்தன் என்று நாலு பேர் பேசினார்கள். அந்தக் கடிகாரத்தை நான் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லை.

உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள். அவள் எழுதாததற்கு நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. வேறு காரணம். இதற்கு மேல் சொல்ல வரவில்லை. தபால்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் என்மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் பழியைப் பங்கு போட வராதீர்கள். பற்றவைக்கிறவன் கையில் குறை வரத்தான் செய்யும், அதைப் பிடிக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். பிடிக்காதவன் நான். இருபதாம் தேதி போகத்தான் போகிறேன். மகள் எனக்கு ஒரு புதுச் சட்டைகூட எடுத்துவிட்டாள்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனது உறுத்தும். சான்றிதழ் போன சமயத்தில், புத்தி கலங்கியிருந்த நேரத்தில், சோதனைக்கு முன்னால் ஜாயிண்டில் தடவுகிற பசையைப் பற்றி ஒரு நினைப்பு வந்தது. ஒலியை அனுப்புகிற புரோபுக்கும் இரும்புக்கும் நடுவில் பசை காய்ந்திருந்தால் ஒலி உள்ளே போகாது, திரையும் சுத்தமாக இருக்கும். நல்ல ஜாயிண்டும் அப்படித்தான் தெரியும், காய்ந்த பசையும் அப்படித்தான் தெரியும். அன்று அப்படி ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைத்தேன். பசை தடவியது நீங்கள் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. அந்த நினைப்பை அங்கேயே விட்டேன். ஆனாலும் ஒரு ராத்திரி முழுக்க உங்களைச் சந்தேகப்பட்டவன் நான். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

உறையைப் பார்த்ததுமே யார் எழுத்து என்று தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர்தான் படித்துச் சொன்னார். கடைசி வரியைப் படித்துவிட்டு, "தங்கமான மனுஷன்யா உங்க மச்சான்" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு நாள் பேனாவோடு வந்து வந்து போனார். "என்ன எழுதறது, சொல்லுங்க" என்றார். தலை வலிக்கிறது என்று அனுப்பிவிட்டேன். ஐந்தாம் நாள் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"உங்க அண்ணனுக்கு ஒரு கடிதாசி எழுதணும்."

"அதான் தபால்காரர் இருக்காரே."

"அவர்கிட்ட சொல்ல முடியாத கடிதாசி."

உங்கள் தங்கை அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்க. நீங்க சொல்றதை அப்படியே எழுதுவேன். நடுவுல அடிக்கச் சொன்னா அடிக்க மாட்டேன்" என்றாள். ஆகவே இதில் அடித்தல் இருக்காது.

பல்ஸ் மெஷினில் நாலு திருகு இருந்தது. எந்தத் திருகு எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எனக்குத் தாள் எதற்கு? இன்ஜினீயர் சரியாக வைத்துக் காட்டிய அன்றே, யாருக்கும் தெரியாமல் நாலு திருகுக்கும் நேரே சிவப்புப் பெயிண்டில் புள்ளி வைத்துக்கொண்டேன். அந்தத் திங்கட்கிழமை யாரோ மெஷினைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார்கள். திருகுகள் கோணலாக நின்றன, புள்ளி ஒன்றுகூட இல்லை. ஸ்டோர் இருபது அடி தூரம். உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, "இந்தத் தாளைப் படிச்சுச் சொல்லு" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஜாயிண்டைத் தேய்த்துச் சமன் செய்கிற அரவைக்காரரும் கிரேன்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. காதை நம்பி வைத்தேன்.

மின்பொறி பிடித்ததுமே தெரிந்துவிட்டது. தேனீச் சத்தம் வரவில்லை, கரகரவென்று துப்பியது. இரும்பு அடிவரை உருகாமல் மேலே படுத்துக்கொண்டு போனது. நாலு விரல் நீளம் போன பிறகு திருகைத் திருப்பிச் சத்தத்தைப் பிடித்தேன். அதற்குப் பின்னால் போட்டதெல்லாம் சுத்தம். அந்த நாலு விரலைத் தோண்டி எடுத்துத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். தோண்டினால் ஃபோர்மேன் ஏன் என்று கேட்பார். எல்லாம் சரியாகப் போய்விடும் என்று மேலேயே இன்னொரு அடுக்கு போட்டு மூடினேன்.

மறுநாள் நீங்கள் பெட்டியோடு வந்தீர்கள். போட்டவனே பசை தடவித் தர வேண்டும் என்பது நம் பட்டறை வழக்கம். நீங்கள் வருவதற்கு முன்னால் எனக்கு அரைமணி நேரம் இருந்தது. தொட்டி வெயிலில் சூடேறிக் கிடந்தது. அந்த நாலு விரல் இடத்தில் மட்டும் முதலிலேயே மெல்லிசாகத் தடவி விட்டேன். சூட்டில் அது காய்ந்து தோலாகப் படிந்தது. பார்வைக்குப் பசை, உள்ளே காற்று. மற்ற இடமெல்லாம் நீங்கள் வந்தபிறகு கொழகொழவென்று தடவினேன். இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். எந்தெந்தத் தப்பு செய்யக்கூடாது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தீர்களே, அதில் மூன்றாவது.

உங்கள் கண் திரையில் இல்லை என்று மேடையில் சொல்லப் போகிறீர்கள். பொய். கண் திரையில்தான் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் உங்கள் கை நின்றது. "இங்க புரோப் இழுக்குதே, காயுதோ மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "இல்ல மச்சான், இப்பத்தான் தடவினேன்" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு கையை நகர்த்தினீர்கள். உங்களுக்கு இது மறந்துபோனது என் அதிர்ஷ்டம் என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது எழுதுகிற கை நின்றுவிட்டு மறுபடி ஓடுகிறது.

காவலாளி கட்டையூன்றிச் சந்தைக்கு வருவார். அவரைக் கண்டால் நான் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன். நாலு வருஷம் முன்னால் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு நேர்த் தெருவிலேயே போகிறேன். அப்படிப் போக முடிகிறதே என்று தோன்றுகிறபோது என்னையே எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

இருபதாம் தேதி இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் எதிரில் படியுங்கள். ஒரு வெல்டர் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "என் தங்கை புருஷன்" என்று சொல்லுங்கள். மருமகள் கேட்க வேண்டும்.

நீங்கள் உடனே என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாசத்தில் மாப்பிள்ளை பழியைத் தன் தலையில் இழுத்துக்கொள்கிறார் என்பீர்கள். அதனால் சாட்சி சொல்கிறேன். நான் முன்கூட்டியே பசை தடவியதைப் பார்த்தவர்கள் நாலு பேர். ஃபோர்மேன் பார்த்தார், லாரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் மாரடைப்பில் போனார். கிரேன்காரர் மேலேயிருந்து பார்த்தார், அவர் போய்ப் பதினைந்து வருஷம். அரவைக்காரர் போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளியில் போனார், நான்தான் தோள் கொடுத்தேன். நாலாவது ஆள் பசைத்தூள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றவர். "இங்க மட்டும் ஏன் இப்பவே தடவுறீங்க?" என்று கேட்டவர். தொட்டி வெடித்த அன்று எல்லாம் புரிந்து, "நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா காட்டிக்கொடுத்தவளா ஆயிடுவேன். சொல்லாத வரைக்கும் அந்த வாசப்படி ஏற எனக்கு முகம் இல்ல" என்றவர். நான் காலைப் பிடித்துக் கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டு, சொந்த அண்ணன் பெண்ணின் கல்யாணத்துக்குக்கூட வராமல் இருந்தவர். பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான், மச்சான். உங்கள் தங்கை.