காது மெஷின் ஒயரும் தங்கச்செல்வியும்

பிப்ரவரி 3, திங்கள்

இவருடைய காது மெஷின் இன்று காலை போய்விட்டது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. சட்டைப் பையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து காதுக்குப் போகிற ஒயர்தான், பெட்டியில் சொருகும் முனையில் ஒடிந்திருக்கிறது. சட்டையைக் கழற்றும்போது கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்துவிட்டார். டீ வேணுமா என்று மூன்று தடவை கத்தினேன். பால்வாடியில் முப்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் உட்கார வைக்கிற தொண்டை இது. இவர் முழித்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 5

தங்கச்செல்வி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். இவர் தறி ஓட்டுகிற அதே கூடத்தில் நூல் சுற்றுகிறாள். வாசலில் நின்று சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள், இரண்டு விரலைச் சுழற்றினாள். இவர் சிரித்தார். பதிலுக்கு இவரும் உதட்டை அசைத்தார். தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, அங்கே எல்லோரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதிதான். அதற்காக என் வீட்டு வாசலிலேயேவா?

என்ன சொன்னாள் என்று சைகையில் கேட்டேன். "சும்மா" என்றார்.

போகும்போது என்னிடம் மட்டும் வாய் திறந்தாள். "மதினி, எந் தம்பி மதுரையிலதான இருக்கான். ஒயர் வாங்கிட்டு வரச் சொல்லவா?"

"வேணாம்மா. நானே பாத்துக்கிறேன்."

இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால்? எரியாதா?

பிப்ரவரி 6

பஜாரில் மூன்று செல்போன் கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் பாட்டுக் கேட்கிற ஒயரைத்தான் எடுத்து நீட்டினார்கள். "இந்த மாடல் இப்ப யாரும் போடுறதில்லக்கா" என்றான் ஒருவன். என் வீட்டுக்காரர் போடுகிறார், அதற்கு என்ன செய்ய?

பிப்ரவரி 9, ஞாயிறு

மதுரைக்கே போனேன். காது மெஷின் கடையில் ஒடிந்த ஒயரைக் காட்டினேன். பெட்டியில் சொருகுகிற இரண்டு முள்ளில் ஒன்றுதான் மிச்சம். அதே தடிப்பில் இரண்டு முள் உள்ள ஒயரைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொருகினால் ஒன்று போகிறது, இன்னொன்று போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒடிந்த முள் துளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மெஷினை இவர் பையில் விட்டுவிட்டு ஒயரை மட்டும் தூக்கிக்கொண்டு போன என்னை என்ன சொல்ல.

நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த நேரத்தில் அவள் எங்கள் வாசல் படியில் இருக்கிறாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள்.

சோறு போடும்போது திட்டினேன். "அவகூடயே பேசிக்கிட்டு அவ வீட்லயே சோறு திங்க வேண்டியதுதான. நா ஒண்டியா இருந்துக்கிறேன்." இவர் காதில் விழாது என்கிற தைரியம்தான். முகத்துக்கு நேரே, குழம்பை ஊற்றிக்கொண்டே, எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது.

பிப்ரவரி 12

இன்றும் திட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

பிப்ரவரி 15, சனி

காரியாபட்டியில் ஹரி என்று ஒருவர் ரேடியோ, மிக்சி எல்லாம் பார்ப்பாராம். இந்த முறை ஒயர், மெஷின், ஆள் மூன்றையும் கூட்டிக்கொண்டு போனேன். இடுக்கியால் உள்ளே இருந்த முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாத்தியளா, ஒன்னு தடிப்பு, ஒன்னு மெலிசு. மாத்திச் சொருகிறக் கூடாதுன்னு இப்பிடி வச்சிருக்காக." பழைய ஒயர் டப்பாவைக் கவிழ்த்து அரைமணி நேரம் தேடினார். ஒன்று கிடைத்தது. சொருகியதும் டக்கென்று உட்கார்ந்தது. இவர் சட்டென்று ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லச் சொன்னார். "நா எதுக்குத் தங்கச்செல்வி வீட்ல சோறு திங்கணும்? அவ வைக்கிற குழம்ப வாயில வைக்க முடியாது."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"எங்கிட்டுக் கேக்க? வாயப் பாத்தேன். நீ கத்துனா வாய் கோணிப்போகுது, ஒன்னும் புரிய மாட்டேங்குது. திட்டுறப்ப மெதுவா, நிறுத்தி நிறுத்தித் திட்டுற. ஒரு வார்த்த விடல."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நிறுத்திருவ. மத்த நேரமெல்லாம் எம் மொகத்தப் பாத்தா பேசுற?"

எங்கள் ஊர் பாளையம்பட்டி வருகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 16

வெட்கமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 21

தங்கச்செல்வி வந்தாள். மெஷின் காதில் இருந்தும் இரண்டு பேரும் பழக்கத்தில் உதட்டால்தான் பேசினார்கள். நான் முறைக்காமல் இன்று அவள் உதட்டையே பார்த்தேன். ரேஷனில் சீனி போடுகிறார்களாம், கூட்டமாம். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் செத்தேன்?

ஆனால் இவர் சிரித்தார். ரேஷன் சீனியைப் பற்றி இருபத்திரண்டு வருஷமாக நானும்தான் சொல்கிறேன், ஒருநாள் சிரித்ததில்லை. அதுதான் இப்போது எரிகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

சாப்பிட்டதும் இவர் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தார். என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் சத்தமில்லாமல், மெதுவாக, ரேஷனில் சீனி தீர்ந்துவிட்டதாம் என்றேன். இவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

வாசலில் தங்கச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். "என்ன மதினி, என்ன சொன்னிய அண்ணங்கிட்ட?"

"சும்மா" என்றேன்.