அய்யாவின் உறுமி

கோலாப்பூர் முகாம்,
2-3-1944

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்லப்பாண்டி கும்பிட்டு எழுதுவது. நான் நலம். நீயும் அய்யாவும் நலமா? போலந்து அகதிகளுக்குச் சமையல் வேலை. கிழங்கு உரித்தே விரல் தேய்ந்தது.

ஒரு கூத்தைக் கேள். இங்கே யானெக் என்றொருவர் பிடில் வாசிக்கிறார். அவர்கள் கிராமத்துப் பழைய ஆட்டப் பாட்டுகளை, யாருக்கு எது நினைவிருக்கிறதோ கேட்டுக் கேட்டுச் சேர்த்து, ஒரே வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறார். மேளம்தான் இல்லை. அய்யாவின் உறுமியோடு போய் உட்கார்ந்தேன். எந்த அடியும் ஒட்டவில்லை. கடைசியில் நம் சாவு அடி மூன்று மூன்றாக வருமே, அதை விரட்டி அடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது! ஒத்திகை பார்க்க வந்தவர்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். அது என்ன அடி என்று நான் சொல்லவில்லை. அய்யாவிடம் சொல், சிரிப்பார்.

உன் தம்பி,
செல்லப்பாண்டி

அனுமந்தன்பட்டி,
12-3-1944

தம்பி செல்லப்பாண்டிக்கு அக்கம்மாள் எழுதியது.

அய்யா சிரிக்கவில்லை. "பொணமில்லாம அந்த அடியை அடிச்சிருக்கானே, அது யாரையாச்சும் கூப்பிட்டுருமே ஆத்தா" என்றாக. ஏலே, உனக்குக் கூறு இருக்கா?

அய்யாவுக்குப் பத்து நாளாய் மலேரியா முறைக்காய்ச்சல். கம்பம் வரை ஆள் விட்டுப் பார்த்தாச்சு, கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. நம்ம வீட்டு உறுமி உறுமாமல் நம்ம வீட்டுப் பிணம் வாசல் தாண்டாது. உனக்குத் தெரியாததா? அதைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. "உறுமியோட வந்துரச் சொல்லு" என்பதைத் தவிர அய்யாவுக்கு வேறு பேச்சில்லை. உடனே கிளம்பு.

அக்கா

கோலாப்பூர் முகாம்,
19-3-1944

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்ததும் மருந்துக்கு ஓடினேன். முகாம் டாக்டரிடம் கெஞ்சிக் கொயினா வாங்கிவிட்டேன். தபாலில் போட்டால் தொலைந்துவிடும், நானே கொண்டு வருகிறேன்.

ஆனால் ஏப்ரல் ஒன்பது ஈஸ்டர். அன்றுதான் சனமெல்லாம் கூடி ஆடும் முதல் ஆட்டம். யானெக்கின் மனைவியும் மகளும் ருஷ்யாக்காரன் பிடித்துக்கொண்டு போன பனிக்காட்டில் செத்தவர்கள். புதைக்கும்போது அழக்கூடத் தெம்பில்லையாம். "நாலு வருடம் கழித்து எங்கள் சனம் ஆடப் போகிறது, நீ இல்லாமல் முடியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படி விட்டு வர? மறுநாளே ரயில் ஏறுகிறேன். அய்யா உரமான கட்டை, அதுவரை தாங்குவார். திட்டாதே அக்கா.

செல்லப்பாண்டி

அனுமந்தன்பட்டி,
31-3-1944

செல்லப்பாண்டிக்கு,

அய்யா நேற்றுக் காலையில் போய்விட்டாக.

உன் கடுதாசி அதற்கு முந்தின நாள் வந்தது. படித்தேன். "ஈஸ்டருன்னா என்ன ஆத்தா?" என்று கேட்டாக. "அவுக சாமி செத்து எந்திரிச்ச நாளாம்யா" என்றேன். "எனக்கு அம்புட்டு நாள் இல்லையே" என்றாக.

பக்கத்து வீட்டு அய்யாத்துரை தன் உறுமியோடு வந்து நின்றாக. நான்தான் வேண்டாமென்றேன். அய்யா கேட்டது அதை இல்லை. மனசு மாறி வந்துவிட மாட்டாயா என்று பொழுது சாயும்வரை ரோட்டைப் பார்த்துக் கிடத்தியிருந்தோம். வாடை வந்ததும் தூக்கிவிட்டார்கள். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அங்கே பிணமில்லாமல் அடித்தாய். இங்கே பிணம் கிடந்தது, அடிக்க உறுமி இல்லை.

இது கைக்கு வரும்போது நீ ஆட்டத்துக்குத் உறுமித் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருப்பாய். அடி. முடிந்ததும் உறுமியை அந்தப் பிடில்கார மனுஷரிடமே கொடுத்துவிடு. அவர் பெண்டாட்டி பிள்ளையும் சத்தமில்லாமல்தானே போனார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு மட்டும் வராதே.

அக்கம்மாள்