மணி அடிக்காத பெட்டிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எப்போதும் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இன்றைக்குக் கை அப்படி எழுதமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். போனில் நீ "சொல்லும்மா" என்றதுமே வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் மருந்துக்கடைக்காரர் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்.

போன லீவில் நீ வந்து, அப்பா வழிதவறிப் போகிறாரே என்று நம் கேட்டிலும் தையல்கடைச் சுவரிலும் மருந்துக்கடைக் கம்பத்திலும் பெரிய ரோட்டு முனை வரைக்கும் ஒட்டிவிட்டுப் போன சோப்பு டப்பா அளவுப் பெட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வயரே இல்லாமல் ஒன்றோடொன்று பேசும், பாட்டரி மிச்சம் பிடிக்கத் தூங்கும், அப்பா செருப்பில் ஒட்டிய பட்டன் அவர் நடந்தால் குரல் கொடுக்கும், அதைக் கேட்ட பெட்டி அடுத்த பெட்டியைத் தட்டி எழுப்பிவிட்டு உன் போனிலும் மணி அடிக்கும் என்று நீ சொன்னதை நான் தெருவுக்கே பாடம் எடுத்துவிட்டேன். தையல்காரர்தான், "பொண்டாட்டி கண்ணுக்கே தப்பிச்ச மனுஷன், பெட்டிக்கா மாட்டப்போறாரு" என்று கிண்டல் பண்ணினார், வாய் முகூர்த்தம் பார், அப்படியே ஆயிற்று. நீ ஊருக்குப் போன பிறகு ஒருநாள் அப்பாவைக் காணோம், நீ அங்கிருந்து போனில், "மருந்துக்கடையைத் தாண்டிட்டாரும்மா, அதே வேகத்துல போனா இப்ப பெரிய ரோட்டுல இருக்கணும்" என்று பதறினாய், நானும் தெருக்காரர்களும் தலைதெறிக்க ஓடினோம். அங்கே லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்து என் உயிர் என்னிடம் இல்லை. கடைசியில் பார்த்தால் மனிதர் மருந்துக்கடைக்கு அடுத்த பூட்டின கடைப் படியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் அவரைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறோம்! கேட்டால், "கடைசி ஸ்டாப்ல வண்டிய நிறுத்திட்டா, டைம் ஆகாம எடுக்கக்கூடாது" என்கிறார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல. உன் கணக்கில் தப்பில்லை பாப்பா, உட்கார்ந்துவிட்டால் பட்டன் குரல் கொடுக்காது, நடக்கிறவர் நடந்துகொண்டேதான் இருப்பார் என்று எல்லோரும்தான் நினைப்பார்கள், கூடவே வாழ்ந்த எனக்கே தோன்றவில்லையே.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், போன வாரம் நீ, "அப்பா இப்பெல்லாம் வெளியவே போறதில்ல, போன் சத்தமே போடல, நிம்மதியா தூங்கறேம்மா" என்றாய். எத்தனை நாள் கழித்து என் பிள்ளை தூங்குகிறாள், அதைக் கெடுக்க மனசு வராமல் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அடங்கி வீட்டில் இருக்கவில்லை பாப்பா. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. செருப்பு கதவோரம் போட்டது போட்டபடி கிடக்கிறது, பெட்டிகள் எல்லாம் தூங்குகின்றன. ஸ்பூனில் ஊட்டினால் நாலு வாய் இறங்குகிறது, அதற்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "பாக்கணும்னு இருக்கிறவங்கள வரச் சொல்லிடுங்கம்மா" என்று வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

அழுதுகொண்டே கிளம்பாதே, ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வழியில் பாஸ்போர்ட்டை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடாதே. உன் பெட்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது இருந்த தைரியத்தில்தான் இத்தனை நாள் நானும் ராத்திரியில் கண்ணயர்ந்தேன். அப்பா அப்பப்போ கண்ணைத் திறந்து, "டைம் ஆச்சா" என்று கேட்கிறார். "பாப்பா இன்னும் ஏறல, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். சரி என்று தலையாட்டுகிறார். எவ்வளவு நாள் நிறுத்த முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிட்டேன், இப்போதெல்லாம் கேட்டைப் பூட்டுவதில்லை, எந்த நேரத்துக்கு வந்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அம்மா