அம்மாவிடம் சொல்லாத வெயில்

இல்லை அக்கா, குடையை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. நேற்று மழைக்கு எடுத்தேன். பிடியில் நீ விரலுக்குத் தடவிக்கொண்ட தைல வாசனை இன்னும் போகவில்லை. திரும்ப மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனேன்.

உனக்கு உடம்புக்கு வந்தது, நான் காலேஜை விட்டுவிட்டு ஊர் சுற்றிய வருடம். நீ தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பாரிமுனைக்கு டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு காலையில் விரல் மடங்கவில்லை. பிறகு முழங்கால். "வாதம்தான்" என்று அம்மா முடிவு கட்டினாள். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து மொட்டைமாடி வெயிலில் உட்காரவைத்தாள். நம் காலனியில் யாருக்கு மூட்டு வலித்தாலும் அதுதானே மருந்து.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருடி, எண்ணெய் உள்ள எறங்கணும்."

"நான் என்ன வடகமாம்மா, காயப்போடறே?"

வாரக்கணக்கில் காய்ந்தாய். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி. காய்ச்சல் வந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பெருவியாதியோ, தொத்திக்கொள்ளுமோ என்று பயந்து பக்கத்து வீட்டம்மா தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அம்மா எண்ணெயை நிறுத்தவில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப் போனது நான்தான். வேலைவெட்டி இல்லாதவன் வேறு எதற்கு? டாக்டர் லூப்பஸ் என்றார்.

"உடம்புக்குக் காவலா இருக்கிற சக்தியே உடம்பை எதிரின்னு நெனச்சு அடிக்குது. மூட்டு, தோல், கிட்னி, எங்க வேணா போகும். தொத்தாது. முழுசாப் போகவும் போகாது. அடங்கும், திரும்பக் கிளம்பும். மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. வெயில் படவே கூடாது."

"வெயிலாலதான் வந்துச்சா சார்?"

"எதால வருதுன்னு யாருக்கும் தெரியாதுப்பா. ஆனா வெயில் அதைக் கிளப்பி விட்டுடும்."

திரும்பும்போது ரயில் குரோம்பேட்டை தாண்டியதும் என் சட்டைக் கையைப் பிடித்தாய். "டேய், வெயில் விஷயம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தாங்க மாட்டா."

"எண்ணெய் ஏன் வேணாம்னு கேப்பாளே?"

"ஊசி போடறதால டாக்டர் நிறுத்தச் சொன்னார்னு சொல்லு."

அன்று இறங்கியதும் வாங்கியதுதான் இந்தக் குடை. பிளாட்பாரத்தில் ஒருத்தன், "இன்னாம்மா, மழை எங்க கீது?" என்றான். "உன் தலைமேலதான் வருது, நில்லு" என்றாய். அழகு கறுத்துவிடும் என்று குடை பிடிக்கிறாய் என அம்மா திட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டாய். மாத்திரையால் முகம் உப்பியபோது, பெண்ணுக்குச் சதை போட்டிருக்கிறது என்று அவள் பூரித்துப்போனாள். கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்தது. அப்புறம் கிட்னிக்குப் போனது. உன்னைக் கொண்டுபோனது.

அம்மா இப்போது என்ன சொல்கிறாள் தெரியுமா? "இன்னும் கொஞ்ச நாள் வெயில்ல வெச்சிருந்தா பொழைச்சிருப்பாடா. நீங்க ரெண்டு பேருமா நிறுத்திட்டீங்க."

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவன் நான். இதை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கும் முழங்கால் வீங்கியிருக்கிறது, வயசு. மொட்டைமாடியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து கூப்பிடுகிறாள், தேய்த்துவிட. வெயில் ஏறுகிறது. நான் போகணும்.