துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மாப்ள

அன்பு மாப்ள தங்கவேலு,

நீ இருந்தால் இந்நேரம், "ஏலே, கடுதாசி எதுக்கு, நேர்ல சொல்லித் தொலை" என்பாய். நேரில் சொல்ல நீ எங்கே இருக்கிறாய்? மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாய். கீழாநெல்லியை நம்பிக் கிடந்த உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அது இருக்கட்டும், நேற்று கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குமுன் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் நம் உரக்கடையில் நான் சேர்ந்தபோது என் பேரைப் பாதிதான் சொன்னேன். ராஜு. ஆரோக்கியம் என்ற முன்பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். கல்லூரி பஸ்ஸில் மூன்று வருடம் என்னை 'அல்லேலூயா' என்று கூப்பிட்டே கொன்றிருந்தார்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் நான் சிலுவை போடுகிறேனா என்று பார்க்க நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். கடையிலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். அம்புட்டுதான் மாப்ள, பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

சிலுவை போடாமல் சாப்பிடவும் மனசு வரவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சட்டையின் இரண்டாவது பொத்தானைச் சரிசெய்வதுபோலக் கட்டைவிரலால் அதன்மேல் சின்னதாக ஒரு சிலுவை. யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் சாம்பல் புதன் வந்தது. எங்கள் தவக்காலம் தொடங்கும் நாள். ஒருவேளைச் சாப்பாடுதான், கறி அறவே கூடாது. காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்தார். கோயிலை விட்டு வந்து கடைத்தெரு திரும்பும் இடத்தில், யார் வீட்டுச் சன்னல் கண்ணாடியிலோ முகம் பார்த்து, விரலை எச்சில் தொட்டு அந்தச் சிலுவையைக் குறுக்கே இழுத்துவிட்டேன். அது விபூதிப் பட்டையாகிவிட்டது. முதலாளி அண்ணனுக்கு ஒரே சந்தோசம். "என்ன ராஜு, இன்னைக்குப் பட்டையெல்லாம் பலமா இருக்கு?" என்றார். நான் இளித்தேன்.

அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பேரன் பிறந்திருந்தான். மத்தியானம் கடையில் எல்லாருக்கும் மட்டன் பிரியாணி. நீ பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருந்தாய். உனக்குக் கேட்காமலே தயிர்சோற்றுப் பொட்டலம் வந்தது. எனக்குப் பிரியாணி வந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பார்களே. சாப்பிட்டேன் மாப்ள. பொத்தானைக்கூடத் தொடாமல், சாம்பல் காயாத நெற்றியோடு, கறியைச் சாப்பிட்டேன்.

கை கழுவும் இடத்தில் நீ மெதுவாகக் கேட்டாய். "ஏன்டா, இன்னைக்கு ஒங்களுக்குக் கறி ஆகாதுல்ல? எங்க ஊர் வேதக்காரவுக வீட்டுல எல்லாம் இன்னைக்கு வெறும் ரசந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த மொத வாரமே தெரியும். எவன்டா தெனமும் சோறு திங்கையில மட்டும் பொத்தானத் தடவுவான்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "நீ மாலை போட்டா தயிர்சோறு தேடி வருது. நான் சொன்னா என்ன வரும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றேன். நீ சண்டைக்கு வரவில்லை. குழாயைத் திருகி மூடினாய். "ஆமாடா, எனக்கு லேசுதான்," என்றாய். பிறகு, "அடுத்த வருசம் நீ வேணாம்னு சொல்லு. நான் ஒம்பக்கத்துல உக்காந்து நானும் வேணாம்ங்கிறேன். ரெண்டு பேரா இருந்தா யாரு என்ன சொல்லுவாக?" என்றாய்.

அடுத்த வருடத்துக்கு நீ இல்லை. ஐப்பசி மழையில் உன் ஊர் எரியோட்டுக்கு உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு ராசா?" என்று கேட்டார்கள். "ராஜும்மா, கடையில கூட வேலை பாக்குறேன்," என்றேன். உன் தலைமாட்டில் நின்றும் பொத்தானைத்தான் தடவினேன். உனக்காகச் செய்த ஜெபத்தைக்கூட உன்னிடமே திருட்டுத்தனமாகச் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

நேற்று மறுபடியும் சாம்பல் புதன். அதே கடைத்தெரு முனை, அதே சன்னல். விரல் நெற்றி வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் நீ உட்காருவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. கையை இறக்கிவிட்டு நடந்தேன்.

முதலாளி அண்ணன் பார்த்ததும், "ராஜு, நெத்தியில கரி அப்பியிருக்கு, தொடை," என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். வாங்கிவிட்டேன். கல்லாப் பக்கம் இரண்டு விவசாயிகள் பூச்சிமருந்துக்கு நின்றிருந்தார்கள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

"கரி இல்லண்ணே, சாம்பல். இன்னைக்குச் சாம்பல் புதன். நான் கிறிஸ்டியன். முழுப்பேரு ஆரோக்கியராஜ்," என்று சொல்லித் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

விவசாயிகளில் ஒருவர் சிரித்த மாதிரி இருந்தது. அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பில் எழுதப் போய்விட்டார். மத்தியானம்வரை என்னைக் கூப்பிடவே இல்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் நாம் உட்காரும் யூரியா மூட்டைமேல் தனியாக உட்கார்ந்து, நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று முழுசாகச் சிலுவை போட்டேன். அண்ணன் வந்து எதிரில் நின்றார்.

"தங்கவேலுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"போன வருசம் பிரியாணி வாங்குன அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட வந்தான். இனிமே இந்த மாதிரி நாள்ல கடைக்குக் கறி வேணாம்ணேன்னான். மாலை போட்டவன் நீ, மத்தவுக தின்னா ஒனக்கென்னடான்னேன். இன்னொருத்தருக்கும் ஆகாதுண்ணேன்னான். யாருடான்னா வாயத் தெறக்கல." அண்ணன் மூட்டையில் உன் இடத்தில் உட்கார்ந்தார். "இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலையேப்பா," என்றார். அந்த ஒரு பேச்சுதான் எனக்கு வலித்தது.

நீ ஏன்டா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை? நான் மறைத்ததை எனக்காக நீயும் மறைத்தாயே, அது உனக்குப் பாரமாக இல்லையா?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எரியோடு வருகிறேன். உன் அம்மாவிடம் முழுப்பேரையும் சொல்வேன். உன் படத்துக்கு முன்னால் நின்று, அவர்கள் பார்க்க, கையைத் தூக்கிச் சிலுவை போட்டு உனக்காக ஜெபிப்பேன். இனி பொத்தானைத் தொட மாட்டேன் மாப்ள. இது உனக்குத் தந்த வாக்கு.

மூட்டையில் உன் பக்கத்து இடத்துக்காரன்,
உன் மாப்ள
ஆரோக்கியராஜ்